பிறர் சொல்லில் ஒரு பிரார்த்தனை

பிரார்த்தனை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழுவது எது? பெரும்பாலும் நம்முடைய தேவைகளே. குழந்தையின் தேர்வு, தாயின் உடல்நலம், தடைப்பட்டு நிற்கும் திருமணம், தீராத கடன் என்று ஒரு நீண்ட பட்டியலோடுதான் நாம் இறைவன் முன் நிற்கிறோம். இதில் தவறேதும் இல்லை. குழந்தை தன் தாயிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்கும்? நால்வகை பக்தர்களைப் பற்றிப் பேசும் பகவத்கீதை, துன்பத்தில் அழைப்பவனையும் பொருள் வேண்டி அழைப்பவனையும் நல்லவர்கள் என்றே ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் ஆண்டுகள் பல கடந்த பின்னும் ஒருவர் அதே பட்டியலோடு அதே இடத்தில் நின்றால், அவரது வயது வளர்ந்திருக்கிறது; பிரார்த்தனை வளரவில்லை.

பிரார்த்தனையின் வளர்ச்சியில் மூன்று நிலைகளைக் காணலாம். 'எனக்காக' என்பது முதல் நிலை. 'பிறருக்காக' என்பது இரண்டாவது. இந்த இரண்டாம் நிலையை எய்தியவுடன் நாம் மிகவும் முன்னேறிவிட்டதாக எண்ணி நிறைவு கொள்கிறோம். ஆனால் இதற்கும் அப்பால் ஒரு நிலை உண்டு. அது 'பிறரோடு' பிரார்த்திப்பது. அதாவது, துன்புறுகிறவரின் துன்பத்தை நம் சொற்களில் இறைவனிடம் எடுத்துக் கூறாமல், அவருடைய சொற்களையே நம் நாவில் ஏற்று, அவர் நிற்கும் இடத்தில் நாமும் நின்று வேண்டுவது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்தச் சிறு மாற்றம், நடைமுறையில் அகங்காரத்தின் வேரையே அசைத்துவிடும் வலிமை வாய்ந்தது.

இந்த மூன்றாம் நிலையைப் பொதுமக்களிடையே, அதிலும் குறிப்பாக இல்லறப் பெண்களிடையே, ஓர் ஒழுங்கான சாதனையாகவே நிலைநிறுத்தியிருக்கும் ஒரு நாள் கிறிஸ்தவ உலகில் உண்டு. அதுவே உலக ஜெப நாள். அதன் வரலாற்றையும் அது நமக்குக் கற்றுத் தருவதையும் இங்கே சிந்திப்போம்.

ஒரு வெள்ளிக்கிழமை

ஆண்டுதோறும் மார்ச் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை இந்நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. அதன் அமைப்பு மிகவும் எளியது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாடு தேர்ந்தெடுக்கப்படுகிறது. அந்நாட்டுக் கிறிஸ்தவப் பெண்கள், பல சபைகளையும் சேர்ந்தவர்கள், ஒன்றாக அமர்ந்து அவ்வாண்டுக்கான ஆராதனை முறைமையை எழுதுகிறார்கள். தங்கள் நாட்டின் வரலாறு, அங்குள்ள பெண்களின் பாடுகள், தங்கள் நன்றி, தங்கள் கண்ணீர் அனைத்தையும் அதில் வைக்கிறார்கள். பின்னர் அது பல மொழிகளில் பெயர்க்கப்படுகிறது. குறித்த நாளில், 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ள பெண்கள் அதே ஆராதனையை நடத்துகிறார்கள். பசிபிக் தீவுகளில் விடியும் பொழுதோடு தொடங்கி, பூமி சுழலச் சுழல, அந்த ஒரே பிரார்த்தனை நாடு நாடாக நகர்ந்து செல்கிறது. ஆராதனையை நடத்துபவர்கள் பெண்கள். இறைவசனத்தை விளக்குபவர்கள் பெண்கள். காணிக்கையைச் சேர்த்துப் பெண்கள், குழந்தைகள் நலப் பணிகளுக்கு அனுப்புபவர்களும் பெண்கள்.

பெங்களூரு போன்ற நகரில் இந்த நாளுக்குத் தனிச்சிறப்பு உண்டு. 1809-இல் ஆங்கிலேயர் அமைத்த கன்டோன்மென்ட் பகுதிக்குப் படையினரோடும் பல தொழில்களோடும் வந்து சேர்ந்த தமிழர்கள் இங்கே தமிழ்ச் சபைகளை வளர்த்தனர். கன்னடம், தெலுங்கு, மலையாளம், கொங்கணி, ஆங்கிலம் ஆகிய மொழிகளிலும் இந்நகரில் கிறிஸ்தவ வழிபாடுகள் நடைபெறுகின்றன. தென்னிந்தியத் திருச்சபை, மெதடிஸ்ட், லுத்தரன், மார்த்தோமா, கத்தோலிக்கம் என்று சபைகளும் பல. ஆண்டின் ஏனைய நாள்களில் தத்தம் ஆலயங்களுக்குச் செல்லும் இவர்களுக்கு, மொழியாலும் சபையாலும் பிரிந்திருந்தாலும் ஒரே பிரார்த்தனையைச் சொல்ல இந்த நாள் வழிவகுக்கிறது.

சிவாஜிநகரில் ஒரு வெள்ளிக்கிழமையை நினைத்துப் பாருங்கள். மசூதிகளில் ஜும்மா தொழுகை. அம்மன் சந்நிதிகளில் விளக்கேற்றும் பெண்கள். புனித மரியன்னை பேராலயத்தில், மாதத்தின் முதல் வெள்ளியைச் சிறப்பாகக் கருதும் கத்தோலிக்கர்கள். நாள் ஒன்றே, நாடுவோர் பலர். இப்படிப்பட்ட ஒரு நகரில்தான் 'பிறரோடு பிரார்த்தித்தல்' என்பதன் பொருள் நன்கு விளங்கும்.

மொழிபெயர்ப்பில் ஈடுபடுவோருக்கு இங்கே ஒரு சொல்லும் சுவையானது. தமிழில் சீர்திருத்த சபையினர் 'ஜெபம்' என்று எழுதுகிறார்கள். கத்தோலிக்கர்கள் 'செபம்' என்று எழுதுகிறார்கள். நாம் மந்திரத்தை உருவேற்றுவதை 'ஜபம்' என்கிறோம். மூன்றும் ஒரே வடசொல்லின் மூன்று உருவங்கள். ஒரு மொழியின் சொற்கிடங்கிலிருந்து இறைவனை அழைக்க ஒருவர் ஒன்றை எடுத்தார். அடுத்தவரும் அதையே எடுத்தார். பிரிவுகள் எழுத்தில் தெரிகின்றன, வேரில் தெரிவதில்லை.

சென்னையில் கணவரை இழந்த பெண்

இந்நாளின் தொடக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் இருக்கிறது. 1887-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த மேரி ஜேம்ஸ் என்ற பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்மணி, தம் நாட்டிற்குள் நடைபெறும் சமயப் பணிகளுக்காகப் பெண்கள் ஒருநாள் கூடிப் பிரார்த்திக்க வேண்டும் என்று அழைப்பு விடுத்தார். பிழைப்புத் தேடிக் கப்பல் கப்பலாக வந்திறங்கிய ஏழைக் குடும்பங்களின் நிலை அந்நகரத்துப் பெண்கள் பலரை வாட்டிக்கொண்டிருந்த காலம் அது.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1890-இல், பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த இரு பெண்கள், பிற நாடுகளில் நடைபெறும் பணிகளுக்காக அதே போன்றதோர் அழைப்பை விடுத்தனர். ஒருவர் ஹெலன் பாரெட் மாண்ட்கோமரி. மற்றவர், பிற்காலத்தில் லூசி பீபாடி என்று அறியப்பட்டவர். இந்த லூசியின் வாழ்க்கை நமக்கு நெருக்கமானது. அவர் இளம் வயதில் தம் முதல் கணவர் நார்மன் வாட்டர்பரியோடு 1881-இல் சென்னைக்கு வந்தவர். இங்கே தெலுங்கு பேசும் மக்களிடையே பணியாற்றியவர். 1886-இல் கணவர் இங்கேயே காலமானார். கைக்குழந்தைகளோடு தாயகம் திரும்பிய அந்த இளம்பெண்தான், நான்கே ஆண்டுகளில், தொலைவில் உள்ளவர்களை நினைத்துப் பிரார்த்திக்கத் தம் நாட்டுப் பெண்களைத் திரட்டினார். தம் வாழ்வையே பறித்துக்கொண்ட ஊர் என்று அவர் சென்னையை வெறுத்திருக்கலாம். யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ அதைத் தம் பிரார்த்தனையில் வைத்துக்கொண்டார்.

அவருடைய தோழி மாண்ட்கோமரியும் எளியவர் அல்லர். புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து 1924-இல் வெளியிட்டார். பெண்கள் பிரசங்க பீடத்தின் அருகே நெருங்குவதே அரிதாக இருந்த நாள்களில், மூலநூலை அதன் மொழியிலேயே கற்று, தெருவில் செல்லும் எளிய மனிதருக்கும் புரியும்படி தர அவர் விரும்பினார். பிரார்த்தனைக்கு அழைத்தவர்களில் ஒருவர் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தது, பின்னர் இந்நாள் எடுத்த வடிவத்தை நினைக்கையில், பொருத்தமாகவே தோன்றுகிறது.

இவ்வாறு தனித்தனியாக ஓடிய இரு சிற்றாறுகளும் காலப்போக்கில் கலந்தன. 1920-இல் அமெரிக்கப் பெண்கள் தவக்காலத்தின் முதல் வெள்ளியைப் பொது நாளாக ஏற்றனர். 1922-இல் கனடாவும் அதே நாளை ஏற்றது. 1927-இல் அது உலக ஜெப நாள் ஆயிற்று. 2027-ஆம் ஆண்டோடு அதற்கு நூறு ஆண்டுகள் நிறைகின்றன.

நேர்மையாக எழும் ஒரு கேள்வி

இந்த இடத்தில் நம் வாசகர்கள் சிலரின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழக்கூடும். 'அந்தக் காலத்தில் அவர்கள் யாருக்காகப் பிரார்த்தித்தார்கள்? நமக்காக அல்லவா? நாம் இருளில் இருப்பதாகவும் தாங்கள் ஒளியில் இருப்பதாகவும் எண்ணித்தானே பிரார்த்தித்தார்கள்? நம்முடைய சமயத்தை நாம் கைவிட வேண்டும் என்பதும் அந்தப் பிரார்த்தனையின் ஒரு பகுதியாக இருந்ததல்லவா?'

கேள்வி நியாயமானது. அதை மழுப்ப வேண்டியதில்லை. அக்கால மிஷன் இயக்கங்களின் மொழியில் அத்தகைய எண்ணம் இருந்தது உண்மையே. 'பிறருக்காக' என்ற இரண்டாம் நிலையில் மறைந்திருக்கும் ஆபத்தும் இதுதான். பிறருக்காகப் பிரார்த்திக்கும்போது நான் மேலே நிற்கிறேன். அவர் கீழே நிற்கிறார். அவருக்கு என்ன தேவை என்பதை நானே முடிவு செய்கிறேன். அவர் எப்படி மாற வேண்டும் என்பதையும் நானே இறைவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். கருணை என்ற பெயரில் அகங்காரம் அங்கே அமைதியாகக் குடியிருக்க முடியும்.

ஆனால் இந்தக் குற்றத்தைப் பிறர்மீது சுமத்திவிட்டு நாம் நகர்ந்துவிட முடியுமா? 'அறியாத அந்த மக்களுக்கு நல்ல புத்தி கொடு' என்று நாமும் எத்தனை முறை வேண்டியிருக்கிறோம்! மருமகள் மாற வேண்டும் என்று மாமியார் விளக்கேற்றுகிறார். அண்டை வீட்டார் திருந்த வேண்டும் என்று நாம் அர்ச்சனை செய்கிறோம். பிறருக்காகச் செய்யும் பிரார்த்தனையில் பாதி, பிறரைப் பற்றிய புகார்தான். எந்தச் சமயத்தவராயினும் இந்தப் பள்ளத்தில் விழாதவர் அரிது.

உலக ஜெப நாளின் வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது, அந்தப் பெண்கள் அங்கேயே நின்றுவிடவில்லை என்பதுதான். பத்தாண்டுகள் செல்லச் செல்ல, எழுதுகோல் கைமாறியது. முன்பு யாருக்காகப் பிரார்த்திக்கப்பட்டதோ, அவர்களே பிரார்த்தனையை எழுதத் தொடங்கினர். 1968-இல் சுவீடனின் உப்சாலா நகரில் இந்நாளுக்கென ஒரு பன்னாட்டுக் குழு அமைந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடர்ந்து 1969 முதல் கத்தோலிக்கப் பெண்களும் இணைந்தனர். மார்ச் முதல் வெள்ளி என்ற நாளும் அப்போதுதான் நிலைபெற்றது. இன்று வனுவாட்டு, ஜிம்பாப்வே, சுரிநாம், தைவான் ஆகிய நாடுகளின் பெண்கள் எழுதித் தந்ததை நியூயார்க்கிலும் லண்டனிலும் உள்ள பெண்கள் தலைவணங்கிச் சொல்லியிருக்கிறார்கள். மேலே நின்றவர் இறங்கி வந்து, கீழே இருந்தவர் என்று தாம் எண்ணியவரிடமிருந்தே பிரார்த்தனையைக் கற்றுக்கொள்கிறார். ஒரு சமய இயக்கம் தன்னைத் தானே இவ்வளவு ஆழமாகத் திருத்திக்கொள்வது எளிதன்று. சமய வரலாறு பயில்வோர் இதைப் போற்றாமல் இருக்க முடியாது.

அறிதல், வேண்டுதல், செய்தல்

இந்நாளின் குறிக்கோளை மூன்று சொற்களில் அடக்கலாம்: அறிதல், வேண்டுதல், செய்தல். அறிந்து பிரார்த்திக்க வேண்டும். பிரார்த்தனையோடு செயல்பட வேண்டும் என்பதே அவர்களது நெறி. நம் மரபில் பயின்றவருக்கு இது புதிதாக இராது. ஞானம், பக்தி, கர்மம் என்ற மூன்றையும் தனித்தனி அறைகளாகக் கட்டாமல், ஒரே இல்லத்தின் மூன்று வாயில்களாகக் காண்பதுதான் நம் ஆசாரியர்கள் காட்டிய வழி. அறிவின்றி எழும் பக்தி வெறும் உணர்ச்சிப் பெருக்காக வடிந்துவிடும். செயலின்றி நிற்கும் பக்தி, நல்லவனாக இருப்பதாக நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளத் துணைபோகும்.

உலக ஜெப நாளுக்கு ஆயத்தம் செய்யும் சபைகளில், வழக்கமாக, எழுதிய நாட்டைப் பற்றி முதலில் படிக்கிறார்கள். அதன் வரைபடம், மக்களின் தொழில், உணவு, இன்னல்கள் ஆகியவற்றை அறிந்துகொள்கிறார்கள். பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு தீவின் பெண், சில வாரங்களில் அடுத்த வீட்டுச் சகோதரி போல் ஆகிவிடுகிறாள். அதன் பின்னரே பிரார்த்தனை. அறிந்த ஒருவரை நினைத்து வேண்டுவதற்கும் 'உலக மக்கள் அனைவரும்' என்று பொதுவாகச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை, வேண்டிப் பார்த்தவரே உணர முடியும்.

பிரார்த்தனை செயலானதற்கு நம் தமிழ் மண்ணிலேயே சான்றுகள் உண்டு. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று குடும்பத்தினர், பிரசவ வேதனையிலிருந்த தங்கள் வீட்டுப் பெண்ணைக் காக்க அடுத்தடுத்து வந்து உதவி கேட்டனர். ஆண் மருத்துவர் பெண்ணைத் தொடுவதை ஏற்க இயலாத காலம் அது. மருத்துவராக இருந்த தந்தை செல்லத் தயாராக இருந்தும் அவரை அழைத்துச் செல்ல அவர்கள் இசையவில்லை. மகளோ மருத்துவம் கற்றவள் அல்லள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த மகள்தான் ஐடா ஸ்கடர். இந்தியாவில் தங்குவதில்லை என்று எண்ணியிருந்தவர், அந்த இரவுக்குப் பின் அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று, 1900-இல் வேலூருக்குத் திரும்பினார். 1918-இல் பெண்களுக்கென அங்கே மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வித்து அது.

சென்னையில் 1915-இல், பல சபைகளின் கூட்டு முயற்சியால் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி தொடங்கப்பட்டது. வேலூர், சென்னை உள்ளிட்ட ஆசியாவின் ஏழு மகளிர் கல்லூரிகளுக்காக 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் திரட்டப்பட்டது. அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர் லூசி பீபாடி. ஆம், சென்னையில் கணவரைப் பறிகொடுத்துத் திரும்பிய அதே பெண்தான். அவருடைய பிரார்த்தனைக்கு இறைவன் அளித்த விடை, அவருடைய கைகளின் வழியாகவே சென்னைக்கு வந்து சேர்ந்தது. அங்கே படித்தவர்களில் எல்லாச் சமயத்துப் பெண்களும் உண்டு. நம்மில் பலருடைய பாட்டிமார் படித்த வகுப்பறைக்குப் பின்னால், அவர்கள் முகம் அறியாத பெண்களின் பிரார்த்தனை இருந்திருக்கிறது.

சொற்கள் சோதிக்கப்படும் வேளை

பிறர் சொல்லில் பிரார்த்திப்பது எப்போதும் இனிமையானதா? அன்று. சில வேளைகளில் அது நெஞ்சைச் சுடும்.

1985-இல் எழுதும் முறை இந்தியப் பெண்களுக்கு வாய்த்தது. பிரார்த்தனையாலும் செயலாலும் அமைதி என்பது அவ்வாண்டின் பொருள். இத்தகைய ஆராதனைகள் நெடுநாள் முன்னதாகவே ஆயத்தமாகிவிடும். அவர்கள் எழுதியபோது, வரவிருப்பதை அறிந்திருக்க முடியாது. 1984 அக்டோபர் 31-இல் பிரதமர் இந்திரா காந்தி படுகொலை செய்யப்பட்டார். அதைத் தொடர்ந்து தில்லியிலும் பிற இடங்களிலும் ஆயிரக்கணக்கான சீக்கியர்கள் கொல்லப்பட்டனர். டிசம்பர் 2 நள்ளிரவைத் தாண்டிய வேளையில் போபாலில் நச்சுவாயு கசிந்து உறங்கிக்கொண்டிருந்த மக்களை மாய்த்தது. மூன்று மாதங்கள் நிறையும் முன்பே, 1985 மார்ச் 1 வெள்ளியன்று, இந்தியப் பெண்கள் எழுதிய அமைதிப் பிரார்த்தனையை உலகம் சொன்னது. எழுதியவர்கள் எண்ணாத ஒரு பொருள் அந்தச் சொற்களில் வந்து நிறைந்தது. உண்மையான பிரார்த்தனையின் இயல்பு அது. நாம் ஒரு பாத்திரத்தை வனைகிறோம். அதில் காலம் எதை ஊற்றும் என்பது நம் கையில் இல்லை.

2024-இல் சோதனை இன்னும் கடுமையாயிற்று. அவ்வாண்டு எழுதியவர்கள் பாலஸ்தீனக் கிறிஸ்தவப் பெண்கள். அன்பினால் ஒருவரை ஒருவர் தாங்குதல் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். அதையும் அவர்கள் முன்னதாகவே எழுதிவிட்டனர். இதற்கிடையில் 2023 அக்டோபர் 7 தாக்குதலும் அதைத் தொடர்ந்த காஸா போரும் மூண்டன. அந்தச் சொற்களை அப்படியே சொல்லலாமா என்ற கேள்வி எழுந்தது. யூத மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையின் நினைவைச் சுமக்கும் ஜெர்மனியில், அந்நாட்டுக் குழு நூலின் விநியோகத்தை நிறுத்தி, அட்டை ஓவியத்தை மாற்றி, திருத்தங்களும் விளக்கங்களும் சேர்த்து வெளியிட்டது. எழுதியவர்களின் குரல் குறைக்கப்படுகிறது என்று சிலர் வருந்தினர். மற்றொரு தரப்பின் கண்ணீரை மறக்கலாகாது என்று சிலர் கூறினர்.

இதில் யார் சரி என்று தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாம் காண வேண்டியது வேறு. தாங்குதல் என்ற சொல்லைச் சொல்வது எளிது. யாரைத் தாங்குவது என்று முகம் தெரியும்போதுதான் அதன் எடை தெரிகிறது. துன்புறுகிறவர் தம் துன்பத்தை நாம் விரும்பும் வடிவில் கூறுவதில்லை. அவர் சினத்தோடு கூறலாம். நமக்கு உடன்பாடில்லாதவற்றைக் கூறலாம். நம்மையே குற்றம் சாட்டலாம். அப்போதும் செவியை மூடாமல் இறைவன் முன் அவரோடு நிற்க முடியுமா? அவர் கூறும் அனைத்தையும் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அவரை விட்டு விலகாதிருக்க வேண்டும். இதுதான் சகிப்பு என்னும் தவம். விவேகமும் பொறுமையும் ஒருங்கே தேவைப்படும் இடம் இது. ஒன்று குறைந்தாலும் மற்றது கெடும்.

இளைப்பாறுதல் யாருக்கு?

2026-ஆம் ஆண்டுக்கு எழுதியவர்கள் நைஜீரியப் பெண்கள். சுமை சுமந்து களைத்தவர்களை இயேசு இளைப்பாற அழைக்கும் மத்தேயு நற்செய்திப் பகுதியை அவர்கள் தேர்ந்துகொண்டனர். பெங்களூருவில் வாழ்பவருக்கு இது வேறொன்றையும் நினைவூட்டும். இன்ஃபன்ட்ரி சாலையில் தென்னிந்தியத் திருச்சபையின் சகோதரிகள் சங்கத்தோடு தொடர்புடைய இல்லம் ஒன்று உள்ளது. அதன் பெயர் விச்ராந்தி நிலையம். விச்ராந்தி என்றால் இளைப்பாறுதல். நம்முடைய வேதாந்த நூல்களும் மனம் ஆத்மாவில் ஓய்வு கொள்வதை இச்சொல்லால் குறிக்கும். பெண்களின் பயிற்சிக்கும் பணிக்குமான ஓர் இல்லத்திற்கு இப்பெயரைச் சூட்டியவர்கள் ஆழ்ந்த பொருள் உணர்ந்தே சூட்டியிருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்போம். நம் வீடுகளில் பெண்களுக்கு இளைப்பாறுதல் உண்டா? பண்டிகை என்றால் ஆண்களுக்கு விடுமுறை. பெண்களுக்கு இருமடங்கு வேலை. பூஜைக்குப் பூத்தொடுப்பவள், பாத்திரம் துலக்குபவள், நைவேத்தியம் சமைப்பவள் அவளே. தீபாராதனையின்போது அவள் அடுக்களையில் நிற்கிறாள். வழிபாட்டின் உழைப்பெல்லாம் அவளுடையது. வழிபாட்டின் சொல்மட்டும் அவளுடையது அன்று. இது ஒரு சமயத்தின் குறையன்று. தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு பெண் முதன்முதலாகக் குருத்துவ அருட்பொழிவு பெற்றது 1976-இல்தான். முதல் பெண் பேராயராக எகோனி புஷ்பலலிதா நந்தியால் பேராயத்தில் பொறுப்பேற்றது 2013-இல். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே, ஆண்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமையாவது, ஆராதனையை நடத்தும் சொல் பெண்களிடம் இருந்திருக்கிறது. ஒரு நாளின் பழக்கம் பல நாள்களின் கதவைத் திறக்க உதவும். உபநிஷத காலத்துக் கார்கியும் மைத்ரேயியும் நம் பெருமை என்று மேடையில் கூறுகிறோம். நம் வீட்டு மைத்ரேயிக்குக் கண்மூடி அமர அரைமணி நேரம் கிடைக்கிறதா என்பதை வீட்டிற்குச் சென்று பார்க்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

அப்படியானால் நாம் அனைவரும் உலக ஜெப நாளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதா? அவரவர் இஷ்டத்தில் உறுதி கொள்வதே சாதகருக்கு நல்லது. ஒரு கிணற்றை ஆழமாகத் தோண்டுபவனுக்கே நீர் கிடைக்கும். ஆனால் அடுத்த நிலத்தில் ஒருவர் எப்படித் தோண்டினார் என்று பார்த்துக் கற்றுக்கொள்வதில் நம் கிணறு தூர்ந்துவிடாது.

நம் நித்திய வழிபாட்டிலேயே இம்மூன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். முதலாவதாக, வாரம் ஒரு நாளேனும், பொதுவான வேண்டுதலை நிறுத்தி, ஒரே ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் வீட்டு வேலைக்கு வருபவராக இருக்கலாம். நகரின் அடுக்குமாடிகளைக் கட்ட வெளிமாநிலத்திலிருந்து வந்து தகரக் கொட்டகையில் வாழும் தொழிலாளியாக இருக்கலாம். அவரைப் பற்றி அறிந்துகொள்வோம். அவர் ஊர் எது? பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? இரவில் எதை நினைத்து உறக்கம் வராமல் கிடக்கிறார்?

இரண்டாவதாக, 'உங்களுக்காக நான் கடவுளிடம் என்ன கேட்கட்டும்?' என்று அவரிடமே கேட்போம். இதுதான் கடினமான படி. அவர் கூறும் விடை நம்மை வியப்பில் ஆழ்த்தலாம். நாம் அவருக்கு வேண்டும் என்று எண்ணியிருந்தது ஒன்று. அவர் வேண்டுவது வேறொன்று. அன்று மாலை, நம் சொல் எதையும் சேர்க்காமல், அவர் கூறிய அதே சொற்களை இறைவன் திருமுன் வைப்போம். அந்தச் சில நிமிடங்களுக்கேனும் 'நான்', 'எனது' என்ற இரண்டும் நம் நாவை விட்டு விலகியிருக்கும்.

மூன்றாவதாக, எழுந்த பின் ஒரு செயல். சிறிதாயினும் போதும். பள்ளிக் கட்டணமாகவோ, மருத்துவமனைக்கு உடன் செல்லும் ஒரு காலைப் பொழுதாகவோ, நம் வீட்டுப் பெண்ணின் கையிலிருந்து நாம் வாங்கிக்கொள்ளும் ஒரு மாலை நேர வேலையாகவோ அது இருக்கலாம். செயலில் முடியாத பிரார்த்தனை, முகவரி எழுதாத கடிதம்.

எல்லா உயிர்களிலும் உறைபவன் ஒருவனே என்று நாம் நம்புகிறோம். அது உண்மையானால், பிறர் வாயிலிருந்து எழும் வேண்டுதலும் அவனுடைய குரல்தான். அவன் நம்மிடம் கேட்கிறான். நாம் அவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சற்று நேரம் நம் கேள்வியை நிறுத்தி அவன் கேட்பதைக் காதில் வாங்குவோம். பிரார்த்தனை அங்கே முதிர்ச்சி அடையத் தொடங்கும். அத்தகைய செவியையும் நெஞ்சையும் கைகளையும் இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!